வீட்டில் செய்த ஆன்டெனாவைச் சோதிப்பது எப்படி: கம்பி வெட்டுவதிலிருந்து வாட் கூட்டுவது வரை

புதிதாக ஹாம் (பொழுதுபோக்கு வானொலி) உரிமம் வாங்கியவர்களோடு உட்கார்ந்து ஆன்டெனா செய்யும்போது ஒரே தடுமாற்றத்தைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். கம்பியை வெட்டுகிறார்கள், கனெக்டரைப் போடுகிறார்கள், ரேடியோவில் செருகி நேராக 50 வாட்டில் பேசத் தொடங்கிவிடுகிறார்கள். செய்கிற வேலை ஒவ்வொன்றும் சரிதான், வரிசைதான் தலைகீழ். அளப்பது முதலில், கேட்பது அடுத்து, அனுப்புவது கடைசியில். அனுப்பும்போதும் பவரைக் கீழிருந்து மேலே கொண்டுபோக வேண்டும்.

உதாரணத்துக்கு 2 மீட்டர் பேண்டுக்கான (145 மெகாஹெர்ட்ஸ் பக்கமுள்ள அதிர்வெண்கள்) டைபோலை, அதாவது நடுவில் கேபிள் சேரும் இரு சமக் கம்பி ஆன்டெனாவை எடுத்துக்கொள்கிறேன். மொத்தமே ஒரு மீட்டர் நீளம் என்பதால் சிங்கப்பூர் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டுக்குள்ளேயே செய்து பார்க்கலாம். 10 மீட்டர், 20 மீட்டர் பேண்டுகளுக்குப் போனாலும் வரிசை இதேதான். அங்கே மாறுபவற்றை 11ஆம் பகுதியில் சொல்கிறேன்.

1. தொடங்கும் முன்: உரிமம், இடம், வானம்

தகவல்தொடர்பு, ஊடக மேம்பாட்டு ஆணையம் கொடுத்த உரிமத்தை எடுத்து ஒருமுறை முழுக்கப் படியுங்கள். எந்த இடத்தில் நிலையம், எந்த பேண்ட், எவ்வளவு பவர் என்று மூன்றையும் குறித்துக்கொள்ளுங்கள். பூங்காவிலோ கடற்கரையிலோ வைத்து அனுப்ப நினைத்தால், உங்கள் உரிமம் அதற்கு இடம் தருகிறதா என்று முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். உரிமம் இன்னும் கைக்கு வரவில்லையா? 7ஆம் பகுதி வரை செய்யலாம், அதற்கு மேல் வேண்டாம்.

அடுத்தது இடம். சன்னலுக்கு வெளியே எதையாவது நிரந்தரமாகப் பொருத்துவதற்கு முன் வீவகவிடமும் நகர மன்றத்திடமும் கேளுங்கள். துணி காயப்போடும் மூங்கில் கழியில் ஆன்டெனாவைக் கட்டி வெளியே நீட்டும் யோசனை எல்லோருக்கும் வரும். தயவுசெய்து வேண்டாம். பத்தாவது மாடியிலிருந்து ஒரு பி.வி.சி. குழாய் நழுவினால் கீழே நடப்பவர் உயிருக்கே ஆபத்து. சன்னலுக்கு உள்பக்கம் வைத்தாலே 2 மீட்டர் பேண்ட் நன்றாக வேலை செய்யும்.

மூன்றாவது வானம். சிங்கப்பூரில் மின்னல் அதிகம், அதிலும் பருவமழைகளுக்கு இடைப்பட்ட ஏப்ரல், மே, அக்டோபர், நவம்பர் மாதங்களில் பிற்பகல் இடி வழக்கம். விடியற்காலையில் சுமத்ரா சூறைக்காற்று வந்து போகும் நாள்களும் உண்டு. வேலை தொடங்குவதற்கு முன் வானிலை ஆய்வகத்தின் மின்னல் வரைபடத்தைப் பாருங்கள். இடி காதில் விழுந்துவிட்டால் கேபிளைக் கழற்றி வைத்துவிட்டுக் காபி குடிக்கப் போகலாம்.

2. கையில் இருக்க வேண்டியவை

2 மில்லிமீட்டர் தடிப்புள்ள செப்புக் கம்பி அல்லது பித்தளைக் கம்பி, பேனல் வகை எஸ்ஓ-239 கனெக்டர் ஒன்று, பி.வி.சி. குழாய், 50 ஓம் கோஆக்ஸ் கேபிள் (நடுவில் ஒரு கம்பி, அதைச் சுற்றி உலோகப் பின்னல்), நான்கைந்து கிளிப் வகை ஃபெரைட் (கேபிளைக் கவ்வும் காந்தப்பொருள் வளையம்), சோல்டர் சாமான். இவை பெரும்பாலும் சிம் லிம் டவரில் ஒரு மாலையில் கிடைத்துவிடும்.

அளப்பதற்கு மல்டிமீட்டர், நானோவிஎன்ஏ (ஆன்டெனா எந்த அதிர்வெண்ணில் நன்றாகப் பொருந்துகிறது என்று திரையில் காட்டும் சிறு கருவி), டம்மி லோடு (பவரை வெளியே விடாமல் வெப்பமாக விழுங்கும் 50 ஓம் மின்தடை), எஸ்.டபிள்யூ.ஆர். மீட்டர் (அனுப்பிய பவரில் எவ்வளவு திரும்பி வருகிறது என்று காட்டும், 1 என்றால் எதுவும் திரும்பவில்லை) ஆகிய நான்கும் வேண்டும். காசு இழுக்கிறது என்றால் டம்மி லோடைத் தள்ளிப்போடப் பலருக்குத் தோன்றும். அதைத் தள்ளிப்போடாதீர்கள். ரேடியோ கெட்டதா, ஆன்டெனா கெட்டதா என்று பிரித்துச் சொல்வது அது ஒன்றுதான். நானோவிஎன்ஏவை நண்பரிடம் ஒரு வாரத்துக்கு இரவல் வாங்கலாம்.

கேபிளை வேண்டிய நீளத்துக்கு மட்டும் வாங்குங்கள். ஆர்ஜி-58 வகை கேபிள் 145 மெகாஹெர்ட்ஸில் 10 மீட்டருக்குச் சுமார் 2 டெசிபெல் தின்றுவிடும். 10 வாட் அனுப்பினால் மறுமுனைக்குப் போய்ச் சேர்வது 6 வாட்டுக்குச் சற்று அதிகம், அவ்வளவுதான். சன்னல் ஓரத்துக்கு 4 மீட்டர் போதுமென்றால் 4 மீட்டரே வாங்குங்கள்.

3. நீளமாக வெட்டுங்கள்

அரை அலை டைபோலுக்குக் கணக்கு எளிது: 143ஐ மெகாஹெர்ட்ஸால் வகுத்தால் மொத்த நீளம் மீட்டரில் வரும். 145க்கு 98.6 சென்டிமீட்டர், அதாவது பக்கத்துக்கு 49 சென்டிமீட்டர். நீங்கள் வெட்ட வேண்டியது பக்கத்துக்கு 52. வெட்டிய கம்பியை ஒட்ட முடியாது, நீளமான கம்பியை எப்போது வேண்டுமானாலும் வெட்டலாம்.

கம்பிக்கு மேல் பிளாஸ்டிக் உறை இருந்தால் அது மின்சாரக் கணக்கில் கம்பியை இன்னும் நீளமாக்கும். அதனால் இறுதி நீளம் 49க்கும் கீழே வரலாம். கணக்குப் பொய்த்துவிட்டதே என்று பதற வேண்டாம்.

ஒரு கம்பியைக் கனெக்டரின் நடு ஊசியிலும் மற்றொன்றை அதன் உடம்பிலும் சோல்டர் செய்து, குழாயில் கட்டுங்கள். எஃப்எம் பேசுவதற்கு ஆன்டெனா நெட்டாக நிற்க வேண்டும். ரிப்பீட்டர்களும் (சிக்னலை வாங்கி மறுபடி அனுப்பும் நிலையங்கள்) கார்களும் செங்குத்தாகவே அனுப்புகின்றன. உங்களுடையதைப் படுக்கவைத்தால் சிக்னல் பெரிய அளவில் விழும்.

4. மல்டிமீட்டர்: இரண்டு நிமிட வேலை

கேபிளின் ரேடியோ பக்கத்து முனையில் நடு ஊசிக்கும் வெளி உறைக்கும் இடையே அளந்து பாருங்கள். சாதாரண டைபோலில் தொடர்பு இருக்கக் கூடாது. இருந்தால் சோல்டர் வழிந்திருக்கிறது, அல்லது கனெக்டருக்குள் பின்னலின் ஒரு முடி நடு ஊசியைத் தொடுகிறது. மடக்கு டைபோல், ஜே-போல், மின்மாற்றி வைத்த ஆன்டெனா ஆகியவற்றில் தொடர்பு காட்டினால் அதுவே சரி. நீங்கள் செய்தது எந்த வகை என்று தெரிந்துகொண்டு அளங்கள்.

5. நானோவிஎன்ஏ: முதலில் கருவியைச் சரிசெய்யுங்கள்

கருவியைத் திறந்ததும் ஆன்டெனாவை மாட்டிவிடுவதுதான் இங்கே நடக்கும் தவறு. அதற்கு முன் அளக்கப்போகும் எல்லையை 130 முதல் 160 மெகாஹெர்ட்ஸ் என்று அமையுங்கள். பிறகு கருவியோடு வந்த மூன்று சிறு மூடிகளையும் வரிசையாகப் போட்டு அளவுத்திருத்தம் செய்யுங்கள்: திறந்தது, குறுக்கிணைத்தது, 50 ஓம். எல்லையை மாற்றினால் திருத்தத்தையும் மறுபடி செய்ய வேண்டும். பழைய திருத்தத்தோடு அளந்தால் திரையில் அழகான கோடு வரும், ஆனால் அது உண்மையைச் சொல்லாது.

முடிந்தால் கேபிளின் மறுமுனையில், அதாவது ஆன்டெனா மாட்டும் இடத்தில் மூடிகளை வைத்துத் திருத்துங்கள். காரணம் முக்கியமானது: கேபிள் இழப்பு எஸ்.டபிள்யூ.ஆர். அளவை நல்லதாகக் காட்டும். 3 டெசிபெல் இழப்புள்ள கேபிளின் மறுமுனையில் ஆன்டெனாவே இல்லாமல் வெறுமனே விட்டாலும், இந்த முனையில் மீட்டர் 3 என்றுதான் காட்டும். முடிவிலியாக இருக்க வேண்டிய எண் 3ஆகச் சுருங்கிவிடுகிறது! நீளமான பழைய கேபிளில் "எல்லா அதிர்வெண்ணிலும் 1.5 காட்டுகிறது, பிரமாதமான ஆன்டெனா" என்று யாராவது சொன்னால் நான் முதலில் கேபிளைத்தான் சந்தேகிப்பேன்.

நானோவிஎன்ஏ மாட்டியிருக்கும் கேபிளில் ரேடியோவை ஒருபோதும் அழுத்தாதீர்கள். பக்கத்தில் வேறொரு ஆன்டெனாவில் யாராவது 50 வாட் அனுப்பினாலும் கருவியின் உள்ளீடு போய்விடலாம். அளக்கும்போது ரேடியோவை அணைத்து வையுங்கள்.

6. நிற்கப்போகும் இடத்திலேயே ட்ரிம் செய்யுங்கள்

ஒரு தம்பி சாப்பாட்டு மேசையில் கிடத்தி வைத்து 145.0 மெகாஹெர்ட்ஸுக்கு அச்சாக ட்ரிம் செய்தார். பிறகு சன்னல் கம்பி பக்கம் கொண்டுபோய் நிறுத்தினார். "அண்ணே, எல்லாம் மாறிப்போச்சு!" என்று கூப்பிட்டார். மாறத்தான் செய்யும். சன்னல் கம்பி இரும்பு, சுவருக்குள் இரும்பு. அருகிலிருக்கும் உலோகம் ஆன்டெனாவோடு சேர்ந்து பேசும்.

இதை நீங்களே பார்க்கலாம். ஆன்டெனாவை நிறுத்திவிட்டு, திரையில் எஸ்.டபிள்யூ.ஆர். கோடு பள்ளமாக இறங்கும் இடத்தைக் கவனியுங்கள். உள்ளங்கையைக் கம்பி நுனிக்கு ஒரு சாண் தூரத்துக்குக் கொண்டுவாருங்கள். பள்ளம் மெல்ல இடப்பக்கம் நகரும். கையை எடுத்தால் திரும்பி வரும். இரும்புக் கம்பியும் இதையேதான் செய்கிறது, ஆனால் அது அங்கிருந்து நகரப்போவதில்லை. ஆகவே ஆன்டெனாவை அதன் சொந்த இடத்தில், உலோகத்திலிருந்து குறைந்தது ஒரு மீட்டராவது தள்ளி நிறுத்தி, அளக்கும்போது நீங்களும் இரண்டு அடி விலகி நின்று பாருங்கள்.

52 சென்டிமீட்டரில் பள்ளம் 137 மெகாஹெர்ட்ஸ் பக்கம் இருக்கும். இரு பக்கமும் ஒரு சென்டிமீட்டர் வெட்டினால் அது சுமார் 3 மெகாஹெர்ட்ஸ் மேலே ஏறும். முதல் வெட்டு ஒரு சென்டிமீட்டர், அப்புறம் அரை, கடைசியில் இரண்டு மூன்று மில்லிமீட்டர். இரு பக்கமும் ஒரே அளவு. ஒவ்வொரு வெட்டுக்கும் நீளத்தையும் பள்ளத்தின் அதிர்வெண்ணையும் தாளில் எழுதுங்கள். மூன்றாவது வெட்டுக்குப் பிறகு அடுத்தது எங்கே விழும் என்று நீங்களே சொல்லிவிடுவீர்கள்.

எஸ்.டபிள்யூ.ஆர். 1.0 வரவில்லை என்று மாய்ந்துபோகாதீர்கள். திறந்தவெளியில் நேரான டைபோலின் மின்தடை சுமார் 73 ஓம். 50 ஓம் கேபிளோடு சேரும்போது 1.5 பக்கம் வருவது இயல்பு. 1.5இல் திரும்பி வரும் பவர் 4 சதவீதம், 2இல் 11 சதவீதம், 3இல் 25 சதவீதம். 1.5ஐ 1.1 ஆக்க ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதையும் செலவழித்தாலும் மறுபக்கம் கேட்பவருக்கு வித்தியாசம் தெரியாது. 144 முதல் 146 வரை 2க்குக் கீழே இருந்தால் கம்பி வெட்டுவதை நிறுத்திவிடுங்கள்.

7. கேபிளும் ஆன்டெனாவாகிவிட்டதா?

டைபோல் இரு பக்கமும் சமம், கோஆக்ஸ் அப்படி இல்லை. இரண்டையும் நேராக இணைத்தால் கொஞ்சம் மின்னோட்டம் கேபிளின் வெளி உறை மேல் வழிந்து ரேடியோ வரை வரும். மைக் பிடித்த கை கூசும், குரலில் கரகரப்பு வரும், கணினி ஸ்பீக்கர் முனகும்.

சோதனை எளிது. நானோவிஎன்ஏவைப் பார்த்துக்கொண்டே கேபிளை நடுவில் கையால் பிடித்து, மேலும் கீழும் தடவுங்கள். கோடு அசையாமல் இருந்தால் நல்லது. அசைந்தால் ஆன்டெனாவின் அடியிலேயே, கனெக்டரை ஒட்டி ஃபெரைட்களை வரிசையாகப் போடுங்கள். கேபிளைக் கம்பிக்கு இணையாகத் தொங்கவிடாமல் ஒரு அடியாவது கம்பிக்குக் குறுக்காக விலக்கிக் கொண்டுபோய் அப்புறம் இறக்குங்கள். போட்ட பிறகு மறுபடி தடவிப் பாருங்கள், பள்ளத்தையும் மறுபடி அளங்கள். ஃபெரைட் போட்டதும் பள்ளம் கொஞ்சம் நகர்வது வழக்கம். அதனால் கடைசி இரண்டு மில்லிமீட்டர் வெட்டை இதற்குப் பிறகு வைத்துக்கொள்வதே நல்லது.

8. கேளுங்கள்

நல்ல எஸ்.டபிள்யூ.ஆர். வந்தால் நல்ல ஆன்டெனா என்று நினைப்பதுதான் எல்லாத் தவறுகளுக்கும் தாய். டம்மி லோடின் எஸ்.டபிள்யூ.ஆர். 1.0தான். அதை வைத்து எதிர் புளோக்குக்குக்கூடப் பேச முடியாது. ஆன்டெனா வேலை செய்கிறதா என்று தெரிய இன்னொரு ஆன்டெனாவோடு ஒப்பிட வேண்டும்.

கைரேடியோவோடு வந்த ரப்பர் ஆன்டெனாவை அதே சன்னலில் வைத்து ஒரு பலவீனமான நிலையத்தைக் கேளுங்கள். உடனே உங்கள் டைபோலுக்கு மாறுங்கள். எஃப்எம்மில் எஸ் மீட்டரை (ரேடியோவில் சிக்னல் பலம் காட்டும் அளவி) நம்பாமல் இரைச்சலைக் கவனியுங்கள். வார்த்தைகளுக்குப் பின்னால் வரும் "ஸ்ஸ்" குறைகிறதா என்று பாருங்கள். ஐந்து நிமிடத்துக்குள் இரண்டு மூன்று முறை மாற்றி மாற்றிக் கேட்டுவிடுங்கள், ஏனென்றால் எதிர்ப்பக்க நிலையம் நகர்ந்தாலோ பவரை மாற்றினாலோ ஒப்பீடு வீண்.

இரைச்சல் எப்போதும் அதிகமாகவே இருந்தால் ஆன்டெனாவைக் குறை சொல்வதற்கு முன் வீட்டைச் சோதியுங்கள். எல்.இ.டி. விளக்கு, கைத்தொலைபேசி சார்ஜர், மோடத்தின் அடாப்டர் என்று ஒவ்வொன்றாக அணைத்துப் பாருங்கள். என் வீட்டில் ஒரே ஒரு மலிவான சார்ஜரைக் கழற்றியதும், அதுவரை கேட்காத இரண்டு நிலையங்கள் கேட்கத் தொடங்கின.

9. டம்மி லோடில் ரேடியோவை அளங்கள்

இப்போது ரேடியோவின் முறை. எஸ்.டபிள்யூ.ஆர். மீட்டர் வழியாக டம்மி லோடை மாட்டி, ஒவ்வொரு பவர் நிலையிலும் ஐந்து விநாடி அழுத்தி, உண்மையில் எத்தனை வாட் வருகிறது என்று எழுதுங்கள். டம்மி லோடின் தாங்குதிறனையும் பாருங்கள். சின்னது 50 வாட்டைச் சில விநாடிகள்தான் தாங்கும். "குறைவு" என்று எழுதியிருக்கும் நிலை ஒரு ரேடியோவில் 1 வாட், இன்னொன்றில் 5 வாட். மின்வழங்கியையும் கவனியுங்கள்: 50 வாட் எஃப்எம் ரேடியோ 13.8 வோல்ட்டில் 10 ஆம்பியர் அளவுக்கு இழுக்கும். மின்வழங்கி தாங்காமல் வோல்ட் விழுந்தால் அதை ஆன்டெனா கோளாறு என்று தவறாக நினைத்துவிடுவோம்.

10. முதல் அனுப்பல், ஆள் நிற்கும் தூரம்

அனுப்புவதற்கு முன் ஒரு கணக்கு. பொதுமக்களுக்கான பன்னாட்டு ஐசிஎன்ஐஆர்பி (கதிர்வீச்சுப் பாதுகாப்பு ஆணையம்) வழிகாட்டுதலின்படி இந்த அதிர்வெண்ணில் சதுர மீட்டருக்கு 2 வாட் வரை எல்லை. டைபோலிலிருந்து இடைவிடாமல் 5 வாட் போனால், சுவர் எதிரொலிப்பையும் சேர்த்துச் சுமார் 0.9 மீட்டரில் அந்த எல்லை வரும். 50 வாட்டுக்கு அது 2.9 மீட்டர். வீவக அறையில் 3 மீட்டர் என்பது அறையே முழுவதும்! கட்டிலில் குழந்தை தூங்கும், சுவருக்கு அந்தப் பக்கம் பக்கத்து வீட்டு மக்சிக் (மலாய் அம்மா) உட்கார்ந்திருப்பார். வீட்டுக்குள் வைத்த ஆன்டெனாவில் 5 வாட்டைத் தாண்ட வேண்டாம் என்று நான் சொல்வது இதனால்தான். எஃப்எம்மில் நீங்கள் மைக்கை அழுத்தியிருக்கும் வரை முழு பவரும் போய்க்கொண்டே இருக்கிறது. பேச்சு இடைவெளியில்கூடக் குறையாது.

சரி, இப்போது சிம்ப்ளெக்ஸ் (ரிப்பீட்டர் இல்லாமல் நேரடியாகப் பேசும்) அதிர்வெண் ஒன்றைத் தேர்ந்து ஒரு நிமிடம் கேளுங்கள். யாருமில்லை என்றால் "இந்த அதிர்வெண்ணில் யாராவது இருக்கிறீர்களா?" என்று கேட்டு, 9வி1 என்று தொடங்கும் உங்கள் நிலையத்தின் அழைப்புக்குறியைச் சொல்லுங்கள். மிகக் குறைந்த பவரில் ஐந்து விநாடி அழுத்தி எஸ்.டபிள்யூ.ஆர். மீட்டரைப் பாருங்கள். நானோவிஎன்ஏ காட்டியதற்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். அழைப்புக்குறி சொல்லாமல் வெறுமனே அழுத்தி அழுத்திப் பார்ப்பது விதிமீறல். அது ரிப்பீட்டர் அதிர்வெண்ணில் என்றால் எல்லோருக்கும் எரிச்சலும்கூட.

அடுத்து 1 வாட், 5 வாட் என்று ஏறுங்கள். ஒவ்வொரு படியிலும் எஸ்.டபிள்யூ.ஆர். அதே எண்ணில் நிற்கிறதா என்று பாருங்கள். பவர் கூடக் கூட அது ஏறினால் எங்கோ சூடாகிறது அல்லது தீப்பொறி பறக்கிறது. உடனே நிறுத்தி, கனெக்டரையும் ஃபெரைட்டையும் தொட்டுப் பாருங்கள். வீட்டில் ஒருவரைத் தொலைக்காட்சி, இன்டர்காம், ஸ்பீக்கர் பக்கம் நிறுத்தி வையுங்கள். உங்கள் வீட்டிலேயே முனகல் கேட்டால் பக்கத்து வீட்டிலும் கேட்கும். அவர்கள் வந்து கதவைத் தட்டுவதற்கு முன் 7ஆம் பகுதிக்குத் திரும்புங்கள்.

கடைசியாக, தூரத்திலிருக்கும் நண்பரோடு சேர்ந்து ஒரு சோதனை. உங்கள் குரலில் இரைச்சல் கலக்கத் தொடங்கும் வரை பவரைப் படிப்படியாகக் குறையுங்கள். பிறகு ரப்பர் ஆன்டெனாவில் அதே அளவு தெளிவுக்கு எத்தனை வாட் வேண்டியிருக்கிறது என்று பாருங்கள். டைபோலுக்கு அரை வாட், ரப்பருக்கு 5 வாட் என்று வந்தால் உங்கள் கம்பி 10 டெசிபெல் சம்பாதித்துக் கொடுத்திருக்கிறது.

11. எத்தனை வாட் போதும்?

பன்னாட்டு வானொலி விதிகளின் 15ஆம் பிரிவு, திருப்தியான தொடர்புக்குத் தேவையான பவர் மட்டுமே அனுப்ப வேண்டும் என்கிறது. இதை நான் விதி என்பதற்காக மட்டும் சொல்லவில்லை. பவரைக் கூட்டுவதால் கிடைப்பது நாம் நினைப்பதைவிட மிகக் குறைவு. எஸ் மீட்டரில் ஒரு படி என்பது 6 டெசிபெல். அதற்குப் பவர் நான்கு மடங்காக வேண்டும். 25 வாட்டை 100 ஆக்கினால் மறுபக்கத்தில் எஸ்-6 எஸ்-7 ஆகும், அவ்வளவே.

2 மீட்டர் பேண்டில் உயரம்தான் பெரிய விஷயம். மீட்டரில் உயரத்தின் வர்க்கமூலத்தை 4.12ஆல் பெருக்கினால் ரேடியோ அடிவானம் கிலோமீட்டரில் வரும். 36 மீட்டர் உயரம், அதாவது பன்னிரண்டு பதின்மூன்றாம் மாடி என்றால் கிட்டத்தட்ட 25 கிலோமீட்டர். மறுமுனையிலும் அதே உயரம் என்றால் இடையில் 49 கிலோமீட்டர், நம் தீவின் கிழக்கு மேற்கு நீளம் அளவுக்கு! வழியில் கட்டடம் மறைக்காத பக்கமாகச் சன்னல் இருந்தால் 5 வாட் தாராளம். கட்டடம் மறைத்தால் 50 வாட்டும் தடுமாறும். அப்போது அடுத்த அறை சன்னலை முயலுங்கள்.

10 மீட்டர், 20 மீட்டர் பேண்டுகளில் கம்பி நீளும்: 28.4க்கு மொத்தம் 5 மீட்டர், 14.15க்கு 10.1 மீட்டர். கம்பி நுனியில் 100 வாட்டுக்கே நூற்றுக்கணக்கான வோல்ட் நிற்கும். கை படுகிற உயரத்தில் நுனியை விடாதீர்கள், தொட்டால் தோல் கருகும். நுனியிலிருந்து ஊட்டும் அரை அலைக் கம்பியில் 49:1 மின்மாற்றி வைத்திருந்தால், 100 வாட்டில் அதன் வெளிப்பக்கம் 500 வோல்ட் பக்கம் வரும். ஐந்து நிமிடம் அனுப்பிய பின் ரேடியோவை நிறுத்திவிட்டு அதன் ஃபெரைட்டைத் தொட்டுப் பாருங்கள். சுட்டால் பவரைக் குறையுங்கள்.

எஃப்டி8 (கணினி வழியாகக் குறுஞ்செய்தி அனுப்பும் முறை) பேசுவோருக்குத் தனியாக ஒரு சொல். அதில் 15 விநாடிச் சுற்றில் 12.64 விநாடி முழு பவரும் இடைவெளியின்றிப் போகிறது. 100 வாட் ரேடியோவை 30 வாட்டுக்கு மேல் தள்ளாதீர்கள், ஒலி அளவை ஏஎல்சி (ரேடியோ தன் பவரைத் தானே கட்டுப்படுத்துவதைக் காட்டும் அளவி) அசையாத அளவுக்கு வையுங்கள். ஏஎல்சி துடித்தால் சிக்னல் அகன்று பக்கத்து நிலையங்களைக் கெடுக்கும். ஆன்டெனாவை அளப்பதற்கு இன்னும் நல்ல வழி டபிள்யூஎஸ்பிஆர், அதாவது மிகக் குறைந்த பவரில் அனுப்பும் குறியீட்டைக் கேட்ட நிலையங்கள் இணையத்தில் பதிவுசெய்யும் முறை. 0.2 வாட்டில் ஒரு இரவு முழுக்க ஓடவிட்டு, எந்தெந்த நாட்டு நிலையம் எத்தனை டெசிபெல்லில் கேட்டது என்று காலையில் பாருங்கள். ஒரே நேரத்தில் இரண்டு ஆன்டெனாவை ஒப்பிட முடியாதவர்கள், குறைந்தது ஒரு வாரமாவது மாற்றி மாற்றி ஓட்டிவிட்டுப் பேச வேண்டும். ஒரு இரவின் வானத்தை நம்பி முடிவுசெய்யக் கூடாது.

12. நோட்டுப் புத்தகமும் மழையும்

தேதி, கம்பி நீளம், ஆன்டெனா நின்ற இடம், 144, 145, 146 மெகாஹெர்ட்ஸில் எஸ்.டபிள்யூ.ஆர்., ஒவ்வொரு பவர் நிலைக்கும் மீட்டர் எண். இவற்றை ஒரே பக்கத்தில் எழுதி வையுங்கள். நம் ஊர் ஈரத்திலும் உப்புக் காற்றிலும் கனெக்டர் சீக்கிரம் கெடும். வெளியே இருக்கும் இணைப்பைத் தானாக ஒட்டிக்கொள்ளும் ரப்பர் டேப்பால் சுற்றி, கேபிளை இணைப்புக்குக் கீழே ஒரு வளையமாகத் தொங்கவிட்டுப் பிறகு உள்ளே கொண்டுவாருங்கள். மழைநீர் வளையத்தின் அடியில் சொட்டிவிடும், உள்ளே வராது.

பெரிய மழைக்கு மறுநாள் அதே அதிர்வெண்களில் மறுபடி அளந்து பாருங்கள். எஸ்.டபிள்யூ.ஆர். ஏறியிருந்தால் நீர் புகுந்திருக்கலாம். எண் திடீரென்று முன்னைவிட நன்றாகியிருந்தால் அப்போதும் கேபிளைக் கழற்றிப் பாருங்கள், நனைந்த கேபிளின் இழப்பும் அப்படித்தான் காட்டும். பின்னல் பச்சை பிடித்திருந்தால் அந்தத் துண்டை வெட்டி எறிந்துவிட்டு, 4ஆம் பகுதியிலிருந்து மறுபடி தொடங்குங்கள்.